“அதிதி அசோக் 17 வயதில் புரோ ஆனார், என் மகள் ஆகக் கூடாதா?”

கொங்கு மண்டலத்தில் இயந்திர உதிரிபாகத் தொழில் நடத்தும் ஒரு தந்தையின் கடிதம் இது. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். அதிதி அசோக் இந்தியக் கோல்ஃப் வீராங்கனை. ‘புரோ’ என்றால் பணத்துக்காகத் தொழிலாக ஆடுபவர், ‘அமெச்சூர்’ என்றால் அப்படி ஆடாதவர்.

மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன். ஏழு வயதில் கோல்ஃப் குச்சியைத் தொட்டவள். ஆட்டத் திறமையைக் காட்டும் எண்ணான ஹேண்டிகேப் இப்போது பிளஸ் 1. தென்னிந்திய ஜூனியர் போட்டிகளில் கோப்பைகள் வாங்கியிருக்கிறாள்; தேசிய அளவில் முதல் பத்துக்குள் இரண்டு முறை வந்திருக்கிறாள். பயிற்சியாளர், “இனி அமெச்சூராகக் காலம் கடத்த வேண்டாம். பள்ளியை விட்டுத் திறந்தநிலைப் படிப்புக்கு மாற்றுங்கள், 17-ல் புரோ ஆக்கிவிடலாம், அதிதி அசோக் அப்படித்தான் வந்தார்” என்கிறார். அவர் மூலமாகவே ஒரு விளையாட்டு மேலாண்மை நிறுவனம் ஐந்தாண்டு ஒப்பந்தத்தோடு வந்திருக்கிறது: மாதம் 50,000 ரூபாய் தருவார்கள், பரிசுப் பணம், விளம்பரம் என எல்லா வருமானத்திலும் 30 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள், இடையில் விலகினால் தந்த பணத்தை வட்டியோடு திருப்ப வேண்டும், தந்தை ‘பொறுப்பேற்பாளர்’ என்று கையெழுத்திட வேண்டும். இதற்கிடையே, ஒரு நிறுவனம் நடத்திய கிளப் போட்டியில் நெட் பிரிவில் ஜெயித்ததற்கு உறையில் 30,000 ரூபாய் ரொக்கம் வந்திருக்கிறது. “ஆயிரம் டாலருக்குக் கீழேதானே, பாதகமில்லை” என்று வாங்கிக்கொண்டார்கள். தாயாருக்கோ மகளை அமெரிக்கக் கல்லூரிக்கு ஸ்காலர்ஷிப்பில் அனுப்பும் ஆசை. “கையெழுத்துப் போடலாமா? பள்ளியை நிறுத்தலாமா? அமெரிக்கா சாத்தியமா?” இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள ஐயா,

முதல் கேள்விக்கு முதலிலேயே பதில்: இந்த ஒப்பந்தத்தில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். மகளையும் போடவிடாதீர்கள். “முன்பணம்” என்று ஒரு மாதத் தொகைகூட வங்கிக் கணக்கில் வரக் கூடாது. காரணத்தைச் சொல்வதற்கு முன், உங்கள் வீட்டுப் பேச்சு முழுவதும் அதிதி அசோக்கைச் சுற்றியே நடப்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன். அவர் கதையை உங்களுக்குச் சொன்னவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

அதிதியின் வரிசை என்ன?

அதிதி 1998 மார்ச்சில் பெங்களூரில் பிறந்தவர். பெற்றோர் கோல்ஃப் ஆடியவர்கள் அல்லர். கர்நாடகா கோல்ஃப் அசோசியேஷன் மைதானத்தின் பயிற்சித் திடலில் ஐந்து வயதில் தொடங்கியவர். 2011-ல், 13 வயதில், இந்தியாவின் பெண்கள் புரோ சுற்றில் (புரோக்கள் ஆடும் தொடர் போட்டிகள்) ஒரு போட்டியையே ஜெயித்துவிட்டார். அன்றைக்குப் புரோ ஆனாரா? இல்லை. அமெச்சூராகவே ஆடி, அமெச்சூராகவே ஜெயித்து, பள்ளிக்குத் திரும்பினார். அடுத்த நான்கு ஆண்டுகள் அவர் செய்தது எதிராளிகளை மாற்றியதுதான். 2013-ல் ஆசிய இளையோர் விளையாட்டு, 2014-ல் இளையோர் ஒலிம்பிக், அதே ஆண்டு இன்ச்சானில் ஆசிய விளையாட்டு. 2015-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ரூல் கோப்பை, பிரிட்டிஷ் மகளிர் அமெச்சூர் ஸ்ட்ரோக் பிளே சாம்பியன்ஷிப் இரண்டிலும் வெற்றி. காற்றும் மழையும் கட்டாந்தரையுமான மைதானங்களில், பல நாட்டு அமெச்சூர்களை வென்ற பிறகுதான் அடுத்த அடியை வைத்தார்.

அந்த அடியைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் மொராக்கோவில் நடந்த ஐரோப்பிய மகளிர் சுற்றின் தகுதிப் போட்டியில் அமெச்சூராகவே கலந்துகொண்டு முதலிடம் பிடித்தார். சுற்றில் ஆடும் உரிமை கைக்கு வந்தபின், 2016 ஜனவரி 1 அன்று புரோ ஆனார். பள்ளிப் படிப்பையும் 2016-ல் முடித்தார். அந்த ஆண்டே ரியோ ஒலிம்பிக், நவம்பரில் இந்தியன் ஓபன், அடுத்து கத்தார் ஓபன். ஆண்டின் சிறந்த புதுமுகம் விருதும் அவருக்கே.

ஆக, “17-ல் புரோ” என்பது உண்மை. “பள்ளியை விட்டார், புரோ ஆனார், பிறகு ஜெயித்தார்” என்பது உண்மையல்ல. சீட்டு முதலில், அறிவிப்பு பிறகு. உங்கள் பயிற்சியாளர் சொல்வது இதற்கு நேர் தலைகீழ். புரோ என்று அறிவித்துக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை, ஒரு நாளில் செய்துவிடலாம். ஆனால் ஆடுவதற்குச் சுற்று இல்லாத புரோவுக்கு அமெச்சூர் போட்டிகளும் கிடையாது, புரோ போட்டிகளும் கிடையாது. வாரக்கணக்கில் பயிற்சித் திடலில் பந்தடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அமெரிக்காவின் பெண்கள் புரோ சுற்றான எல்.பி.ஜி.ஏ.வில் உறுப்பினராக 18 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதும் உங்கள் கணக்கில் இருக்கட்டும். விலக்குக் கேட்டு மனு கொடுக்கலாம். நியூசிலாந்தின் லிடியா கோவுக்கு 2013-ல் கொடுத்தார்கள். ஆனால் அவர் அதற்குள் அமெச்சூராகவே எல்.பி.ஜி.ஏ.வின் கனடா ஓபனை 2012, 2013 என இரண்டு முறை ஜெயித்திருந்தார். முதல் முறை ஜெயித்தபோது வயது 15. வெற்றியாளருக்கான 3 லட்சம் டாலரும் இரண்டாவதாக வந்த தென்கொரியாவின் இன்பீ பார்க்குக்குப் போனது. 2024 ஜனவரியில் நிக் டன்லப் அலபாமா பல்கலைக்கழக மாணவராகவே ஆண்களுக்கான பி.ஜி.ஏ. சுற்றுப் போட்டி ஒன்றை ஜெயித்தார். பரிசான 15 லட்சத்துக்கும் அதிகமான டாலர் அவர் கைக்கு வரவில்லை; ஆனால் அந்த வெற்றி கொடுத்த சுற்று உரிமை கையில் இருந்ததால் சில நாட்களிலேயே புரோ ஆனார். இவர்கள் யாரும் பணத்தைத் துரத்தி அமெச்சூர் நிலையை விடவில்லை.

பிளஸ் 1 என்பது சராசரி அல்ல

“ஹேண்டிகேப் பிளஸ் 1, அதாவது எப்போதும் பாருக்கு ஒன்று குறைவாக அடிக்கிறாள்” என்று எழுதியிருக்கிறீர்கள். பார் என்பது ஒரு மைதானத்துக்கு விதித்த அடிகளின் எண்ணிக்கை. உலக ஹேண்டிகேப் முறை கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8-ஐ மட்டும் எடுத்துச் சராசரி பார்க்கிறது. மோசமான 12 ஆட்டங்களைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அது உங்கள் மகளால் எட்ட முடிந்த உயரத்தைக் காட்டுகிறது. போட்டி நாளில் வரும் ஸ்கோரை அல்ல. பிளஸ் 1 ஆடுபவரின் போட்டிச் சராசரி பெரும்பாலும் அதைவிட மூன்று நான்கு ஸ்ட்ரோக் கூடுதலாகத்தான் இருக்கும். புரோ சுற்றிலோ எல்லா ஆட்டமும் கணக்கு.

எந்த டீயிலிருந்து, அதாவது முதல் அடி அடிக்கும் எந்த இடத்திலிருந்து, ஆடினாள் என்பது அடுத்த கேள்வி. கிளப்பின் மகளிர் டீயிலிருந்து 5,400 யார்டில் அடித்த 71-ம், பெரிய அமெச்சூர் போட்டிகளின் 6,300 யார்டில் அடித்த 74-ம் ஒன்றல்ல, இரண்டாவதுதான் மேல். இதை ஊகத்தில் விடாமல் கணக்குப் போடலாம். ஸ்கோரிலிருந்து அந்த டீயின் கோர்ஸ் ரேட்டிங்கை (நல்ல ஆட்டக்காரரிடம் அங்கே எதிர்பார்க்கும் ஸ்கோர்) கழித்து, 113-ஆல் பெருக்கி, ஸ்லோப் எண்ணால் (சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டுவது) வகுங்கள். எடுத்துக்காட்டாக ஸ்கோர் 74, ரேட்டிங் 73.5, ஸ்லோப் 130 என்றால் விடை ஏறக்குறைய 0.4. கடந்த ஓராண்டின் போட்டி ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும், நன்றாக ஆடியவை மட்டுமல்ல, இந்த எண்ணை எழுதி மொத்தச் சராசரி பாருங்கள். அது பூஜ்ஜியத்துக்குக் கீழே தொடர்ந்து நிற்காதவரை புரோ பேச்சுக்கு அவசரமே இல்லை என்பது என் கருத்து.

ஊட்டியில் டிரைவர் குச்சியால் அடித்தால் பந்து 250 யார்டு போகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் 2,200 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. பந்து எட்டு, பத்து சதவீதம் கூடுதலாகப் பறக்கும். சென்னையிலோ கொழும்பிலோ அதே அடி 230 யார்டு பக்கம்தான் நிற்கும். வெளிநாட்டுப் பயிற்சியாளருக்கு அனுப்பும் குறிப்பில் சமவெளியில் அளந்த தூரத்தையே எழுதுங்கள். முதல் நாளே தெரிந்துவிடும் விஷயத்தில் மிகைப்படுத்துவதால் லாபமில்லை.

அந்த 30,000 ரூபாய்

நீங்கள் லேசாகச் சொல்லிப் போயிருக்கும் இதுதான், ஐயா, என்னைக் கவலைப்படுத்துகிறது.

பிரிட்டனின் ஆர் அண்ட் ஏ அமைப்பு, அமெரிக்க கோல்ஃப் சங்கம் இரண்டும் சேர்ந்து வகுத்த அமெச்சூர் விதிகள் 2022 ஜனவரி 1 முதல் மாறின. ஒரு போட்டியில் 1,000 டாலர் அல்லது 700 பவுண்டு மதிப்பு வரை பரிசு வாங்கலாம் என்பது சரி. ஆனால் ரொக்கமாக வாங்கலாம் என்பது ஹேண்டிகேப் கழிக்காத கிராஸ் போட்டிக்கு மட்டும். ஹேண்டிகேப் கழித்து முடிவு செய்யும் நெட் போட்டியில் ரொக்கம், தொகை எவ்வளவு சிறிதானாலும், கூடாது. கோப்பை, பொருள், கடைக் கூப்பன் வாங்கலாம். உங்கள் மகள் ஜெயித்தது நெட் பிரிவு, வந்தது ரொக்கம். தொகை வரம்புக்குள் இருந்தாலும் விதி மீறப்பட்டிருக்கிறது.

இதை மூடிமறைக்க நினைக்க வேண்டாம். பரிசளிப்புப் படம் சமூக ஊடகத்தில் இருக்கும். தோற்ற போட்டியாளர்களின் பெற்றோருக்கு நினைவாற்றல் அதிகம். செய்ய வேண்டியது இது. போட்டியை நடத்திய கிளப்புக்கு எழுதி, தொகையை வங்கி வழியாகத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அதே வாரத்தில் தேசிய அமைப்பான இந்தியன் கோல்ஃப் யூனியனுக்கு நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: தேதி, போட்டி, பிரிவு, தொகை, அறியாமல் வாங்கியது, திருப்பிய தேதி. அவளுடைய அமெச்சூர் நிலை பற்றிய முடிவை எழுத்தில் கேளுங்கள். நிலை போய்விட்டது என்று அவர்கள் சொன்னாலும், மீண்டும் அமெச்சூராக விண்ணப்பிக்கும் வழி விதிகளிலேயே இருக்கிறது. காத்திருப்புக் காலம் விதிக்கலாம். தானாக முன்வந்து சொன்ன சிறுமியையும் பிடிபட்டவரையும் யாரும் ஒரே தட்டில் வைக்க மாட்டார்கள். பதில் வரும்வரை அமெச்சூர் போட்டிகளுக்குப் புதிதாகப் பெயர் கொடுக்காமல் இருப்பது நல்லது.

இதையொட்டி இரண்டு எச்சரிக்கை. அகாடமியில் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் மாதம் ஏதோ தருகிறோம் என்று பயிற்சியாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். காசு வாங்கிக்கொண்டு கோல்ஃப் சொல்லிக்கொடுத்தால் அமெச்சூர் நிலை போகும். விதிவிலக்குகள் குறுகலானவை, அவற்றை நம்பி இறங்க வேண்டாம். அடுத்து, புரோக்கள் சங்கத்தில் ‘சும்மா ஒரு உறுப்பினர்’ ஆவதும் நிலையைப் பறிக்கும்.

மறுபக்கம், ஸ்பான்சர் பணம் வாங்கினால் அமெச்சூர் நிலை போய்விடும் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். 2022-க்கு முன்பு அந்தப் பயம் நியாயம். இப்போது அந்தத் தடை நீங்கிவிட்டது. உள்ளூர் நூற்பாலையோ பம்ப் கம்பெனியோ தொப்பியிலும் சட்டைக் கையிலும் தங்கள் பெயரைப் போட்டுப் பயணச் செலவையும் மாத உதவியையும் கொடுத்தால், அமெச்சூராகவே வாங்கலாம். மாதம் 50,000 ரூபாய்க்காக ஐந்தாண்டை எழுதிக்கொடுக்க வேண்டிய கட்டாயம் இதிலேயே உடைந்துபோகிறது. பேச வேண்டிய ஆள் நீங்கள் தினமும் வியாபாரம் செய்கிறவர்களிலேயே இருக்கலாம். திருப்பித் தர வேண்டிய கடனாக அல்லாமல் ஓராண்டு விளம்பர ஒப்பந்தமாக எழுதிக்கொள்ளுங்கள். திறமையால் சிறுமி ஈட்டும் வருமானம் பெற்றோர் வருமானத்தோடு சேர்க்கப்படாது; அவள் பெயரில் பான் அட்டை எடுத்துத் தனியாகக் கணக்குக் காட்டச் சொல்லி உங்கள் ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒப்பந்தம் யாரைக் கட்டும்?

18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் இந்தியச் சட்டப்படி செல்லாது. 1903-ல் மொஹரி பீபி வழக்கில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்த்துவைத்த விஷயம் அது. 18 ஆனபின் “அன்று போட்டது சரிதான்” என்று உறுதிப்படுத்தினாலும் உயிர் பெறாது. “அப்படியானால் பயமே இல்லையே, போட்டுவிட்டுப் பிறகு விலகலாமே” என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் இரண்டு பிழை.

தாளில் ‘பொறுப்பேற்பாளர்’ என்று தனியாகக் கையெழுத்திடுவது நீங்கள். மகள் விலகினால் பணத்தை வட்டியோடு நானே தருகிறேன் என்று வயதுவந்த நீங்கள் கொடுக்கும் தனி வாக்குறுதி அது. மகளைக் கட்டாத தாள் உங்களைக் கட்டும் என்று வாதாட நிறுவனத்துக்கு வழி இருக்கிறது. அந்த ஷரத்தைச் சேர்த்திருப்பதே மகளின் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருப்பதால்தான். ஐந்து ஆண்டுக்கு மாதம் 50,000 என்றால் 30 லட்சம், வட்டி தனி.

மகளுக்கும் இந்தத் தாள் பாதுகாப்பாகாது. ராஜ் ராணி வழக்கில், சிறுமியாயிருந்த மகளுக்காகத் தந்தை ஒரு படத் தயாரிப்பாளரோடு நடிப்பு ஒப்பந்தம் போட்டார். பணம் வரவில்லை என்று வழக்குப் போட்டபோது ஒப்பந்தமே செல்லாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1949-ல் சொல்லிவிட்டது. நாளை நிறுவனம் மாதத் தொகையை நிறுத்தினால் உங்கள் மகளுக்கும் இதே நிலை வரலாம்.

ஐந்தாண்டு முடிந்தபின் வேறு எவரோடு சேர்வதாக இருந்தாலும் முதலில் எங்களிடம் காட்டி, அதே தொகைக்கு எங்களுக்கே முன்னுரிமை தர வேண்டும் என்று ஒரு ஷரத்து இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதே மாதிரி ஷரத்தை வைத்து ஒரு நிறுவனம் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானைத் தடுக்கப் பார்த்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தபின் அப்படிக் கட்டுப்படுத்த முடியாது, அது தொழில் செய்யும் உரிமைக்குத் தடை என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் தீர்ப்பளித்தது. ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு உங்கள் பக்கம். ஆனாலும் நிலைக்காத ஷரத்தை எதிர்த்து வழக்காடும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஓர் இளம் ஆட்டக்காரருக்கு மிக நீண்ட காலம்.

மகளுக்கு 18 ஆகி, சுற்று உரிமை கைக்கு வந்து, உண்மையிலேயே மேலாளர் தேவைப்படும் நாளில் பார்க்க வேண்டியது வேறு. பரிசுப் பணத்தில் பங்கு கேட்காதவர்களும், பத்து சதவீதத்துக்குள் நிற்பவர்களுமே பெரும்பான்மை. விளம்பர வருமானத்தில் 15 முதல் 25 சதவீதம் வரை கேட்பது வழக்கம். எல்லாவற்றிலும் 30 என்பது கொள்ளை. காலம் இரண்டாண்டுக்கு மேல் வேண்டாம். தானாகப் புதுப்பிக்கும் ஷரத்து வேண்டாம். மூன்று மாத அறிவிப்பில் இரு தரப்பும் விலகும் வழி வேண்டும். விலகியபின் கமிஷன் என்பது அவர்கள் பேசி முடித்த ஒப்பந்தங்களுக்கு மட்டும். பயிற்சியாளருக்கு இந்த நிறுவனத்திடமிருந்து ஏதாவது கிடைக்கிறதா என்று நேரில் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

அமெரிக்கக் கல்லூரி வழி

அமெச்சூர் விதி ஒன்று. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வின் விதி வேறொன்று. ஒன்றில் தேறினால் மற்றதிலும் தேறிவிட்டோம் என்று நினைப்பதுதான் இந்தியப் பெற்றோர் அதிகம் செய்யும் தவறு. உங்கள் ஒப்பந்தம் கோல்ஃப் விதிப்படி அமெச்சூர் நிலையைப் பறிக்காமல் போகலாம்; ஆனால் ஆட்டத் திறமையைச் சந்தைப்படுத்த ஏஜெண்ட் வைத்துக்கொள்ளச் சம்மதித்தால், அது வாய்வார்த்தையாக இருந்தாலும், என்.சி.ஏ.ஏ. தகுதி பறிபோகலாம். ஏஜெண்டிடமிருந்து குடும்பத்தார் வாங்கும் பணமும் இதில் அடங்கும். ஒரு தரம் வந்த 50,000 ரூபாய், தாயார் கனவு காணும் நான்காண்டுப் படிப்பை அடைத்துவிடும்.

இது ஒருவழிப் பாதை. அமெரிக்க வீராங்கனை மிஷெல் வீ 2005 அக்டோபரில், 16 நிறைவதற்குச் சில நாள் முன்பு, பெரிய விளம்பர ஒப்பந்தங்களோடு புரோ ஆனார். பின்னர் ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்து 2012-ல் பட்டமும் வாங்கினார். ஆனால் புரோ என்பதால் அந்தக் கல்லூரி அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆட முடியவில்லை. அதே ஸ்டான்ஃபோர்டில் படித்த ரோஸ் ஜாங் 2022, 2023 ஆண்டுகளில் கல்லூரி தனிநபர் பட்டத்தை இரண்டு முறை ஜெயித்துவிட்டுப் புரோ ஆகி, முதல் புரோ போட்டியையே ஜெயித்தார். டைகர் வுட்ஸும் அங்கே இரண்டாண்டு ஆடி, அமெரிக்க அமெச்சூர் பட்டத்தை 1994, 95, 96 என மூன்று முறை தொடர்ந்து வென்றபின்தான் புரோ ஆனார். நம்மூர் உதாரணம் ஜீவ் மில்கா சிங்: டெக்சஸில் அபிலீன் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தில் படித்தபோது 1993-ல் கல்லூரி விளையாட்டின் இரண்டாம் படிநிலையான இரண்டாம் பிரிவில் தனிநபர் பட்டம். அமெரிக்கா போனால் முதல் பிரிவில்தான் ஆட வேண்டும் என்ற எண்ணத்தை அவர் பெயர் ஒன்றே கலைத்துவிடும்.

“திறமை இருந்தால் அவர்களே தேடி வருவார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். கோயம்புத்தூருக்கு யாரும் தேடி வர மாட்டார்கள், ஐயா. பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 முதல் கல்லூரிப் பயிற்சியாளர்கள் மாணவியோடு நேரடியாகப் பேச விதி இடம் தருகிறது. உங்கள் மகளுக்கு அந்தத் தேதி கடந்துவிட்டது. அவள் வயதுள்ள பலர் கடிதப் போக்குவரத்தை ஆரம்பித்திருப்பார்கள். இப்போதே தொடங்குங்கள். மின்னஞ்சல் மகள் பெயரில், மகளே எழுதியதாக இருக்கட்டும். தகப்பன் எழுதும் கடிதம் அங்கே எடுபடாது. இரண்டு மூன்று நிமிட வீடியோ போதும்: டிரைவர், 7 அயர்ன், வெட்ஜ் மூன்றையும் எதிரிலிருந்து ஒருமுறை, இலக்கை நோக்கிய பின்பக்கத்திலிருந்து ஒருமுறை, கூடவே சிப்பிங், பட்டிங். மெதுவோட்டம், பின்னணிப் பாட்டு வேண்டாம். போட்டிப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் யார்டு, ரேட்டிங், ஸ்கோர், எத்தனை பேரில் எத்தனையாவது இடம். 79 அடித்த நாளையும் மறைக்காதீர்கள். உலக அமெச்சூர் தரவரிசையில் பெயர் இருந்தால் அதன் இணைப்பு. பயிற்சியாளர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். எனவே இனி போட்டிகளைத் தேர்ந்தெடுக்கும்போது கோப்பை சுலபமாகக் கிடைக்கும் போட்டியைவிட அந்தத் தரவரிசைப் புள்ளி தரும் போட்டிக்குச் செலவிடுங்கள். 2018-ல் தொடங்கிய மகளிர் அமெச்சூர் ஆசிய பசிபிக் சாம்பியன்ஷிப் இலக்காக இருக்கட்டும். அதன் முதல் பட்டத்தை வென்ற தாய்லாந்தின் அத்தயா திதிகுல் அதற்கு முந்தைய ஆண்டே, 14 வயதில், ஐரோப்பியச் சுற்றுப் போட்டி ஒன்றை அமெச்சூராக வென்றவர். அந்தக் களத்தில் மகள் எங்கே நிற்கிறாள் என்று பார்த்தால் உங்கள் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இந்த வழியில் போவதானால் பள்ளியை நிறுத்தும் பேச்சுக்கே இடமில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் கணக்கில் வரும். ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என 16 பாட அலகுகளும், முதல் பிரிவுக்குக் குறைந்தது 4-க்கு 2.3 என்ற மதிப்பெண் சராசரியும் வேண்டும். திறந்தநிலைப் படிப்புக்கு மாறினால் அந்தப் பாடங்களை ஏற்பார்களா என்பதை என்.சி.ஏ.ஏ.வின் தகுதி மையத்திடம் எழுத்தில் கேட்காமல் மாற்றாதீர்கள். பிளஸ் டூ முடித்து இரண்டு மூன்று வருடம் போட்டிகளில் ஆடிவிட்டுப் போகலாம் என்ற யோசனையும் ஆபத்து. ஆடத் தகுதியுள்ள ஆண்டுகள் குறைந்துவிடும்.

முழுச் செலவும் கல்லூரியே தரும் என்று எண்ணிப் பட்ஜெட் போடாதீர்கள். பகுதி ஸ்காலர்ஷிப்தான் பலருக்கும் கிடைக்கிறது. சில கல்லூரிகள் அணிக்கு ஒன்பது பேர் என்ற வரம்பில் இயங்குகின்றன, இடத்துக்குப் போட்டி கடுமை. விளம்பர வருமானத்தால் மீதியைச் சமாளிக்கலாம் என்று தாயார் நினைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ரோஸ் ஜாங் அமெரிக்கர். படிக்கும்போதே விளம்பர ஒப்பந்தம் போட்டார். உங்கள் மகள் போவது எஃப்-1 மாணவர் விசாவில். கல்லூரி விதி அனுமதித்தாலும் அந்த விசா அமெரிக்க மண்ணில் வேலை செய்து சம்பாதிக்க விடாது. மீறினால் போவது விசா. அங்கே போனபின் எந்த விளம்பரப் பணத்தையும் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

அமெரிக்கா வேண்டாம் என்று நீங்களும் மகளும் முடிவெடுத்தால் அதுவும் தவறில்லை. அதிதி கல்லூரிக் கோல்ஃப் ஆடாமலே டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தார், வெண்கலத்துக்கு ஒரு ஸ்ட்ரோக் தூரத்தில். அப்போது செய்ய வேண்டியது: பிளஸ் டூ முடியட்டும், இந்திய மகளிர் புரோ சுற்றில் அமெச்சூராக அனுமதி கேட்டு ஐந்தாறு போட்டி ஆடட்டும், பரிசுப் பணம் வராது, ஆனால் வெட்டுக்கோட்டை, அதாவது கடைசி நாட்களுக்குத் தேர்வாக வேண்டிய ஸ்கோர் வரம்பை, தாண்டுகிறாளா என்பது தெரியும். இரண்டு நாள் ஆட்டத்தோடு ஊர் திரும்பும் புரோவுக்கு வருமானம் பூஜ்ஜியம்; விமானம், விடுதி, நுழைவுக் கட்டணம், பை சுமக்கும் கேடிக்கு வாரக்கூலி நான்கும் அப்படியே இருக்கும். அந்தக் கணக்கைக் கைக்காசு போகாமல் பார்க்க அமெச்சூர் நிலையைவிட நல்ல ஏற்பாடு இல்லை. அதன்பின் தகுதிப் போட்டிக்கு, விண்ணப்பத்தில் ‘அமெச்சூர்’ என்றே குறித்து அனுப்புங்கள்.

கடிதத்தின் கடைசிப் பக்க ஓரத்தில் வேறு கையெழுத்தில், அநேகமாக உங்கள் மகளே, ஒரு கேள்வி எழுதியிருக்கிறாள்: “அடுத்த மாதப் போட்டியில் ஹோல்-இன்-ஒன் அடித்தால் கார் தருகிறார்கள். வாங்கலாமா அங்கிள்?” வாங்கலாம், அம்மா. ஆட்டத்தின் நடுவே ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போடும் ஹோல்-இன்-ஒன்னுக்கு அந்த 1,000 டாலர் வரம்பு கிடையாது. முதலில் அப்பாவை அந்த 30,000 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கச் சொல். யூனியனின் பதில் வந்தபிறகு டீயில் நில். காரை ஓட்டத்தான் 18 ஆகும்வரை பொறுக்க வேண்டும்.